ஒரு சோறு பதமா?

சென்ற மாதம் நமது சங்கக் கூட்டத்தில் நடந்த ஒன்றை வாசகர்களிடம் அப்படியே சொல்லிவிட்டு இத்தலையங்கத்தைத் தொடங்குகிறோம்.

தாராவியில் ஐம்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் அண்ணாச்சி ஒருவர் எழுந்தார். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்து, தோல் கிடங்கில் சுமை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவருடைய மகளுக்குப் புறநகரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருக்கிறார்கள். பேச்சு முடிந்து முன்பணம் கொடுக்கும் நேரத்தில் தரகர் பெயரையும் ஊரையும் கேட்டிருக்கிறார். கேட்டதும், "மதராசிகளுக்கு வீடு இல்லை. ஒருவர் பெயரில் எடுத்துப் பத்துப் பேர் தங்குவீர்கள், வீட்டை நாறடித்துவிடுவீர்கள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார்" என்று கையை விரித்துவிட்டார். "இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊர்ப் பள்ளியிலே மராத்தி படிச்ச பிள்ளைக்கு இந்தக் கதியா?" என்று கேட்டபோது அண்ணாச்சியின் குரல் உடைந்தது. கூட்டம் கொதித்தது. கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

அரை மணி நேரம் சென்றிருக்கும். தேநீர் வேளையில் அதே அண்ணாச்சி, தம் வீட்டு மாடி அறை மூன்று மாதமாகக் காலியாகக் கிடப்பதாகச் சொன்னார். தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் பீகார் இளைஞர்கள் சிலர் அறை தேடுகிறார்கள் என்றார் சங்கச் செயலாளர். அண்ணாச்சி சட்டென்று மறுத்தார்: "பையாக்களுக்கு நான் விடமாட்டேன் தம்பி. ஒருத்தன் பேர்ல எடுத்துட்டுப் பத்துப் பேரு படுப்பானுவ. எச்சித் துப்பி வீட்டையே நாறடிச்சிருவானுவ."

அங்கிருந்த எவரும் வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். தரகர் எந்தச் சொற்களால் அவர் மகளை அடித்தாரோ, அதே சொற்கள் அரை மணி நேரத்துக்குள் அவர் வாயிலிருந்தே வந்தன. அவர் கெட்டவர் அல்லர். ஊரில் யாருக்கு ஒன்று என்றாலும் முதலில் ஓடி நிற்பவர். அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. கெட்டவர்கள் மட்டுமே இப்படிப் பேசுவார்கள் என்றால் தலையங்கம் எதற்கு?

'இந்த மாநிலத்தான் இப்படி', 'அந்த மதத்தான் அப்படி', 'அந்தச் சாதிப் புத்தி போகாது' என்று ஒரு கூட்டத்துக்கே முத்திரை குத்துகிறோமே, அதில் உண்மை ஏதேனும் உண்டா? 'எல்லாம் பொய், எல்லோரும் நல்லவர்' என்று மேடையில் முழங்கிவிட்டுப் போவது எளிது. கேட்பவர்கள் கைதட்டுவார்கள், வீட்டுக்குப் போய்ப் பழையபடியே பேசுவார்கள். ஏனென்றால் அவர்கள் கண்ணால் கண்டது ஏதோ ஒன்று அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. ஆகவே அந்த ஏதோ ஒன்றை எடுத்து, தண்ணீரில் அலசிப் பார்ப்போம்.

பம்பாய் நமக்குக் குத்திய முத்திரை

நம்மிடமிருந்தே தொடங்குவோம். 1960 மே முதல் நாள் மராட்டிய மாநிலம் பிறந்தது. மாநிலம் கிடைத்தது; வேலை கிடைக்கவில்லை என்ற மனக்குறை மராட்டிய இளைஞர்களிடம் இருந்தது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பம்பாயில் மராத்தி பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 43 பேர்தாம். தென்னாட்டு மொழிகள் நான்கையும் பேசியவர்களைச் சேர்த்துக் கூட்டினாலும் நகரில் பத்தில் ஒரு பங்கு இல்லை. ஆனால் 'மார்மிக்' என்ற வார இதழ், நிறுவனங்களின் உயர்பதவிகளிலும் அலுவலகங்களிலும் இருந்த தென்னாட்டுப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. 1966 சூனில் சிவசேனை தொடங்கப்பட்டது. 'லுங்கியை விரட்டு' என்ற முழக்கம் எழுந்தது. உடுப்பி ஓட்டல்கள் கல்லடி பட்டன.

உடுப்பி ஓட்டல்காரர்கள் கன்னட நாட்டவர். அதைக் கல்லெறிந்தவன் அறிய மாட்டான். அறிய வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லோரும் அவனுக்கு 'மதராசி'. 1969இல் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆயிற்று. 1996இல் அந்நகரமும் சென்னை ஆயிற்று. முத்திரைப் பெயர் மட்டும் சாகவில்லை. தில்லியில் வடிகால் ஓரமாகக் கூலி வேலையிலும் வீட்டு வேலையிலும் காலந்தள்ளிய நம் மக்களின் குடியிருப்பு, 2025 சூன் முதல் நாள் இடித்துத் தள்ளப்பட்ட நாள் வரை, 'மதராசி கேம்ப்' என்றே அழைக்கப்பட்டது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பம்பாயில் நம்மீது குத்தப்பட்ட முத்திரைகள் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. ஒரு புறம், 'மதராசி படித்த தந்திரக்காரன், அலுவலகத்துக்குள் ஒருவன் நுழைந்தால் தன் ஆட்களையே இழுத்துக்கொள்வான்' என்றார்கள். இன்னொரு புறம், 'மதராசி கறுப்பன், அழுக்கன், குடிசைக்காரன், சாராயம் காய்ச்சுபவன்' என்றார்கள். மாட்டுங்காவின் தட்டச்சரும் தாராவியின் தோல் தொழிலாளியும் ஒரே ஆளாக இருக்க முடியுமா? முத்திரை குத்துபவனுக்கு அதெல்லாம் கவலையில்லை. எந்த நேரத்துக்கு எந்தக் கல் வேண்டுமோ அந்தக் கல்லை எடுத்துக்கொள்கிறான்.

அதற்குள் இருந்த மெய்

இவற்றில் துளியும் மெய் இல்லையா? இருந்தது. அன்றைய பம்பாய் அலுவலகங்களில் தட்டச்சு, சுருக்கெழுத்து வேலைகளில் தென்னாட்டவர் நிறைய இருந்தார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்குக் காரணம் தமிழ் இரத்தத்தில் தட்டச்சு ஓடியதா? மதராஸ் மாகாணத்தில் ஆங்கிலப் பள்ளிகள் முன்பே பரவியிருந்தன. சிறு நகரங்களில்கூடத் தட்டச்சு நிலையங்கள் இருந்தன. 1920களில் அங்கே வகுப்புவாரி ஆணை வந்து அரசு வேலைகள் எல்லோருக்கும் பங்கிடப்படத் தொடங்கியபின், அதுவரை அவ்வேலைகளை நிரப்பியிருந்த மேல்சாதிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பம்பாய்க்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறினார்கள். ஒரு கதவு திறந்திருந்தது, இன்னொரு கதவு சாத்தப்பட்டது. மனிதர்கள் திறந்த கதவு வழியே வந்தார்கள். அவ்வளவுதான்.

சாராயமும் அப்படியே. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடியை ஒழிக்கவில்லை. கள்ளச் சாராயத்தை நல்ல விலைக்குப் போகும் சரக்காக்கியது. காவலர் எளிதில் நுழைய முடியாத சதுப்பு நிலத்துக் குடிசைப் பகுதிகளில் அடுப்பு மூட்டப்பட்டது. அங்கே வாழ்ந்த நம்மவர் சிலரும் அந்தத் தொழிலில் இறங்கினார்கள். பிற மொழிக்காரர்களும் இறங்கினார்கள். அந்த உலகத்தின் தலைவர்களில் ஒருவர் தமிழராக இருந்ததும் ஊரறிந்த செய்தி. ஆனால் அதே தாராவியில் தோல் பதனிட்டவர்களும், மாநகராட்சியில் தெருப் பெருக்கியவர்களும், ரயில்வேயிலும் துறைமுகத்திலும் முதுகு ஒடிந்தவர்களும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்த நம் தாய்மார்களும் எத்தனை மடங்கு? அவர்களைப் பற்றி எந்தச் செய்தித்தாள் எழுதியது? எந்தச் சினிமா வந்தது?

இங்கே ஒரு கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஓர் அலுவலகத்தில் 10 சுருக்கெழுத்தாளர்கள், அவர்களில் 7 பேர் தென்னாட்டவர். 'பத்துக்கு ஏழு!' என்று ஒருவன் கூச்சலிடுகிறான். ஆனால் அந்த வட்டாரத்தில் 1,000 தென்னாட்டவர் இருந்தால், அவர்களில் சுருக்கெழுத்தாளர் இந்த 7 பேர்தாம். மீதி 993 பேரும் வேறு பிழைப்பில் இருக்கிறார்கள். சுருக்கெழுத்தாளர்களில் தென்னாட்டவர் அதிகம் என்பது ஒரு கணக்கு. தென்னாட்டவர் எல்லோரும் சுருக்கெழுத்தாளர் என்பது வேறு கணக்கு. முதல் கணக்கைக் காட்டி இரண்டாவதை நம்ப வைப்பதுதான் முத்திரைக்காரனின் வித்தை. பிடிபட்ட திருடர்கள் இன்ன மாநிலத்தவர் என்று செய்தி படித்துவிட்டு, இன்ன மாநிலத்தவரெல்லாம் திருடர் என்று நாம் சொல்லும்போதும் இதே தவற்றைத்தான் செய்கிறோம்.

ஒரே அடுப்பா?

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் வீட்டுப் பழமொழி. சோற்றுக்கு அது முற்றிலும் சரி. ஏன் சரி? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு, ஒரே நேரம். ஆகவே ஒன்று வெந்தால் மற்றதும் வெந்திருக்கும். மனிதர்கள் அப்படி ஒரு பானையில் வேகிறவர்கள் அல்லர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஒன்றுபோல் இருப்பதில்லை என்பது எந்தத் தாய்க்கும் தெரியும்.

ஆனால் பழமொழியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரு கூட்டத்தார் பலரிடம் ஏதோ ஒன்று ஒன்றுபோலத் தென்பட்டால், அவர்கள்மீது ஒரே நெருப்பு எரிந்திருக்கிறது என்று பொருள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி 'அரிசி என்ன சாதி?' என்பது அன்று. 'அடுப்பை மூட்டியவன் யார்?' என்பதே.

படைச் சேவையை எடுத்துக்கொள்வோம். 1857க்குப் பிறகு வெள்ளை ஆட்சியாளர்கள், இந்தியரில் சிலர் 'போர்க்குடிகள்', மற்றவர் போருக்கு ஆகாதவர் என்று ஒரு கொள்கை வகுத்தார்கள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்து பிறகு இந்தியப் படைக்கே தலைமையேற்ற ராபர்ட்ஸ், தென்னாட்டுச் சிப்பாய் சண்டைக்கு உதவான் என்ற கருத்தை ஊன்றினார். மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1920களில் மதராஸ் படையணியே இல்லாமற்போனது. 'மதராசி பயந்தாங்கொள்ளி, படையில் அவனைப் பார்த்திருக்கிறாயா?' என்று கேட்டார்கள். சேர்க்காமல் இருந்துவிட்டு, எங்கே காணோம் என்று கேட்டால் எப்படி?

நாம் வாழும் இந்த மராட்டிய மண்ணில் மகர் சமுதாயத்துக்கும் இதே கதி நேர்ந்தது. பம்பாய்ப் படையில் நெடுங்காலம் பணிபுரிந்த மகர்களைச் சேர்ப்பது 1890களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் அதே படையில் சுபேதாராக இருந்தவர். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது ஒரு மகர் படைப்பிரிவை எழுப்பினார்கள். போர் முடிந்ததும் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. மறுபடியும் ஆள் தேவை. 1941இல் மகர் படையணி உருவாயிற்று. மதராஸ் படையணியும் மறுபிறவி எடுத்தது. 'ஆகாதவர்கள்' இரண்டே ஆண்டில் ஆகிவிட்டார்கள்! இடையில் மாறியது இரத்தமா? தேவை மாறியது, கதவு திறந்தது. 1758 வரை தன் வரலாற்றை எண்ணும் மதராஸ் படையணி இன்று இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படையணி.

முத்திரை சட்டமானால்

பேச்சாக இருக்கும் வரை முத்திரை மனத்தைத்தான் புண்படுத்தும். அதுவே சட்டமானால் என்ன நேரும்? 1871ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிச் சட்டம், சில சமூகங்களைப் பிறவியிலேயே குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911இல் அது மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்துக் கள்ளர் சமூகத்து ஆண்கள் கைரேகை வைக்கவும், இரவில் காவலர் கண்முன் போய்ப் படுக்கவும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். கைரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கே மராட்டியத்தில் பார்தி முதலிய சமூகத்தாரை அதே சட்டம் விரட்டியது. சோலாப்பூரில் முள்வேலிக் குடியிருப்பில் அடைத்தது.

ஒருவனை இரவெல்லாம் காவலில் வைத்தால் அவன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எப்படி? வேறு ஊருக்கு வேலை தேடிப் போவது எப்படி? வேலையில்லாதவனைக் காட்டி, 'பார், சோம்பேறி, திருடத்தான் செய்வான்' என்றார்கள். எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் அவன் குடிசைக்குப் போனார்கள். அதிகம் தேடிய இடத்தில் அதிகம் அகப்பட்டது. அதையே சான்றாக எழுதி வைத்தார்கள். 1952 ஆகஸ்ட் 31ஆம் நாள் அச்சட்டம் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. ஆனால் அந்தப் புத்தி நீங்கவில்லை. சிறைக்குள் எந்தச் சாதிக்காரன் சமைப்பது, எவன் மலம் அள்ளுவது என்று வகுத்தும், நாடோடிச் சமூகங்களை ஐயத்துக்குரியவர்களாக எழுதியும் வைத்திருந்த சிறை விதிகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது எப்போது தெரியுமா? 2024 அக்டோபரில்! நேற்றுத்தான்!

நம் கூலித் தொழிலாளர் மறக்கக்கூடாத இன்னொரு நாள் 2015 ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை அதிரடிப் படையினர் சுட்டுக் கொன்றனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பகுதிகளின் ஏழைகள். பலர் மலைவாழ் மக்கள். பேருந்திலிருந்தே சிலர் இறக்கிக்கொண்டு போகப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் மனித உரிமை ஆணையத்திடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் தமிழ்க் கூலி என்றாலே மரத் திருடன் என்ற முத்திரை விழுந்திருந்தது. மலையில் வேலை இல்லாததால் காட்டுக்குள் கோடரி தூக்கியவர்கள் உண்டு என்பது மெய். அவர்களை அழைத்துப் போன தரகன், கட்டையை வாங்கிய வணிகன், கப்பலேற்றிய பெரும்புள்ளி, இவர்களில் எவன் அன்று மார்பில் குண்டு வாங்கினான்? முத்திரை எப்போதும் கீழே நிற்பவன் நெற்றியில்தான் விழுகிறது. குண்டும் அந்த நெற்றியைத் தேடித்தான் வருகிறது.

நம் வாயும் தூய்மையானதன்று

இவ்வளவும் படித்துவிட்டு, 'ஆம், தமிழனுக்கு எங்கும் அநீதி' என்று பெருமூச்சு விட்டு இதழை மடித்து வைக்க வேண்டாம். அடுத்தது நம்மைப் பற்றியது.

2008 பிப்ரவரியில் இந்நகரில் வடநாட்டு டாக்சி ஓட்டுநர்களும் தெரு வணிகர்களும் அடிக்கப்பட்டார்கள். அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத வந்த பிள்ளைகள் தேர்வுக்கூடத்திலேயே தாக்கப்பட்டார்கள். 1966இல் நம் தந்தையர் வாங்கிய அதே அடி. நாம் என்ன செய்தோம்? 'இந்த முறை நம் பக்கம் வரவில்லை' என்று மூச்சு விட்டோம். நம்மவரில் சிலர், 'பையாக்களுக்கு வேண்டியதுதான்' என்றும் சொன்னார்கள். நம் காதாலேயே கேட்டோம்.

தாய்த் தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? 2012 பிப்ரவரியில் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையில் ஐயப்பட்ட வடநாட்டவர் ஐவர் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டபின், வடமாநிலத்து வாடகைக்காரர் எவர் என்று வீடு வீடாகக் கணக்குக் கேட்கப்பட்டது. படிக்க வந்த மாணவரும் கட்டட வேலைக்கு வந்த கூலியும் ஒரே நாளில் ஐயத்துக்கு ஆளானார்கள். 'வடக்கன்', 'பானிபூரிக்காரன்' என்ற ஏளனம் இன்று அங்கே நாவில் சர்வ சாதாரணம். 2023 மார்ச்சில் அதன் மறுபக்கத்தையும் கண்டோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரை வெட்டிக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைப்பேசிகளில் பரவின. திருப்பூரிலும் பிற இடங்களிலும் அஞ்சிய தொழிலாளர் மூட்டை கட்டினார்கள். பீகார் அரசு அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. படங்கள் பொய் என்று தமிழ்நாட்டுக் காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்தப் பொய் ஏன் அவ்வளவு விரைவாக நம்பப்பட்டது? 'தமிழன் இந்திக்காரனை வெறுப்பவன்' என்ற முத்திரை அங்கே முன்பே தயாராக இருந்தது. நாம் அவர்களுக்குக் குத்தினோம். அவர்கள் நமக்குக் குத்தியிருந்தார்கள். இருவருக்கும் நடுவில் இரண்டு ஏழைகளின் பிழைப்பு கெட்டது.

இன்னும் உள்ளே வருவோம். 'அந்தச் சாதிக்காரனை நம்பாதே', 'இந்தத் தெருக்காரன் புத்தி இப்படி' என்று நம் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் காதுபடப் பேசுவதில்லையா? ஆயிரம் மைல் தாண்டி வந்தும் கலியாணப் பேச்சில் முதல் கேள்வி எது? சாதி என்பதே முத்திரைகளுக்கெல்லாம் தாய். பிறப்பை வைத்தே ஒருவன் குணத்தைத் தீர்ப்பிட முடியும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் அது. அதை வீட்டில் வைத்துப் போற்றிக்கொண்டு, வெளியே 'மதராசி என்று சொல்லாதே' என்று கேட்கும் தகுதி நமக்கு ஏது?

புகழ்ச்சியிலும் ஒரு கண்ணி

முத்திரை என்றால் இழிவு மட்டுமன்று. 'தமிழன் கடும் உழைப்பாளி, வம்புக்குப் போக மாட்டான்' என்று ஒப்பந்தக்காரர் புகழ்ந்தால் நமக்குக் குளிர்கிறது. அதன் பொருள் என்ன? எட்டு மணி நேரக் கூலிக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பான். சங்கம் சேர மாட்டான் என்பதே. இன்று திருப்பூர் முதலாளி பீகார் இளைஞனை அதே சொல்லால் புகழ்கிறார். உள்ளூர்க்காரனைச் 'சோம்பேறி' என்கிறார். ஊர்விட்டு வந்தவன், திரும்பிப் போக வழியில்லாதவன், பத்துப் பேரோடு ஓர் அறையில் படுத்து மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் எந்த இனத்தவனானாலும் கடுமையாகத்தான் உழைப்பான். நம் தந்தையர் இங்கே அப்படித்தான் உழைத்தார்கள். அது இனத்தின் குணமன்று, நிலைமையின் நெருக்கடி.

அதே நிலைமையைக் கொண்டு இழிவும் பேசுவார்கள். 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டபோது, 'அங்கே பிணம் குவியும். குடிசைக்காரன் எங்கே கட்டுப்பாட்டுக்கு அடங்குவான்' என்று படித்தவர்களே பேசினார்கள். சுமார் இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்குள் இலட்சக்கணக்கான மக்கள், பலருக்கு ஒரு பொதுக் கழிப்பிடம். ஆயினும் மாநகராட்சி ஊழியரும் மருத்துவரும் நம் தெரு இளைஞரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள், மக்கள் ஒத்துழைத்தார்கள். அதே ஆண்டு சூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயை அடக்கிய இடங்களுள் ஒன்றாகத் தாராவியின் பெயரைச் சொன்னார். வாய்ப்பும் உதவியும் கிடைத்தபோது 'அடங்காதவர்கள்' என்ன செய்தார்கள் என்பதை உலகம் கண்டது.

மூன்று கேள்விகள்

ஆகவே நம் முடிவு இது. ஒரு கூட்டத்தைப் பற்றிய பேச்சில் சில வேளை ஒரு துளி மெய் இருக்கலாம். அந்தத் துளி அவர்கள் பட்ட பாட்டைப் பற்றிய மெய். அவர்கள் பிறப்பைப் பற்றிய மெய் அன்று. 'பத்துப் பேர் ஓர் அறையில்' என்பது மெய்தான். ஆனால் அது தமிழனைப் பற்றியதும் அன்று, பீகாரியைப் பற்றியதும் அன்று. மும்பையின் வாடகையையும் பட்டறையின் கூலியையும் பற்றியது. அண்ணாச்சி வந்த புதிதில் எத்தனை பேரோடு படுத்தார் என்று அவரையே கேளுங்கள். முறை வைத்துப் படுத்த கதையை அவரே சொல்வார்.

இனி இத்தகைய பேச்சு நம் காதில் விழும்போதோ, நம் வாயில் வரும்போதோ, மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். முதலாவது, எத்தனை பேர்? கண்டது இருவரை என்றால் இருவரைப் பற்றியே பேசுவோம். இரண்டாவது, ஏன்? எந்தச் சட்டம், எந்தக் கூலி, எந்தச் சாத்திய கதவு அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது? மூன்றாவது, என் முன்னால் நிற்கும் இந்த மனிதர் யார்? அவர் செய்யாத ஒன்றுக்கு அவரிடம் நான் கணக்குக் கேட்கலாமா?

அறை வாடகைக்கு விடுவோர்க்கும் ஒரு சொல். பத்துப் பேர் தங்கினால் தண்ணீர் போதாது, கழிப்பிடம் போதாது என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. இத்தனை பேருக்கு மேல் தங்கக்கூடாது, இடத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தமிழனுக்கும் எழுதுங்கள், மராட்டியருக்கும் எழுதுங்கள், பீகாரிக்கும் எழுதுங்கள். மீறினால் மீறியவரைக் கேளுங்கள். நிபந்தனை நடத்தைக்கு இருக்கட்டும், பிறப்புக்கு வேண்டாம். தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் இன்னொரு சொல். ஒரு மாநிலத்தவரையோ மதத்தவரையோ பழிக்கும் படம் கைப்பேசியில் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். 2023இல் அப்படித் தள்ளிய விரல்கள்தாம் ஆயிரம் பேர் வயிற்றில் அடித்தன.

அண்ணாச்சியின் மகளுக்கு வீடு மறுத்தவர்மீது சங்கம் எடுத்த தீர்மானம் நிற்கிறது. அதைக் கடைசி வரை நடத்துவோம். ஆனால் அந்தத் தீர்மானத்துக்கு வலிமை வருவது நம் மாடி அறைக் கதவைப் பொறுத்தது. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பீகார் இளைஞர்களையும் தேநீருக்கு அழைத்திருக்கிறோம். அண்ணாச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த அறைக்கு யார் குடிவந்தார் என்ற நல்ல செய்தியை அடுத்த இதழில் எழுத முடிந்தால் மகிழ்வோம்.